பழைய துறைமுகக் கரையில் புதிய நகர்ப்பகுதி: வீடு, பணியிடம், நீர்முனை மூன்றையும் ஒன்றாகத் திட்டமிடும் முறை

கப்பல்கள் விலகிப் போன துறைமுகக் கரையோ ஆலைகள் மூடிய ஆற்றோரமோ நகரத்தின் கைக்குத் திரும்பி வரும்போது, பெரும்பாலான ஊர்களில் மக்கள் முன் முதலில் வைக்கப்படுவது ஒரு வண்ணப் படம்தான். அதில் கண்ணாடிக் கோபுரங்கள் இருக்கும், மரப்பலகை பாவிய நடைபாதை இருக்கும், மழைக்காலமே அறியாத வானம் இருக்கும். அந்தப் படத்தைக் கொண்டு திட்டத்தின் தரத்தை மதிப்பிட இயலாது. நிலம் யாருடையது, வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறும், நிலம் எந்த நிபந்தனையோடு கைமாறும், ஏற்கெனவே அங்கே பிழைப்பு நடத்துபவர்கள் எங்கே போவார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் படம் வரையப்படும் முன்பே எழுத்தில் விடை இருக்க வேண்டும். அந்த விடைகளை எந்த வரிசையில் தேடுவது என்பதை இந்த வழிகாட்டி சொல்கிறது. நகராட்சி உறுப்பினர்கள், நகரமைப்பு அலுவலர்கள், மாணவர்கள், வரைவுத் திட்டத்தின் மீது கருத்துச் சொல்ல விரும்பும் குடியிருப்போர் சங்கங்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டது.

முதன்மை எடுத்துக்காட்டாக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள ஹாஃபன்சிட்டியை எடுத்துக்கொள்கிறேன். எல்பே ஆற்றின் கரையில், பெரிய கொள்கலன் கப்பல்களுக்குப் போதாமல் போன பழைய துறைப்பகுதியில், 157 ஹெக்டேர் பரப்பில் அது உருவாகி வருகிறது. முழுமையடையும்போது ஹாம்பர்க்கின் நகர மையம் 40 விழுக்காடு விரிந்திருக்கும். அதன் முழுமைத் திட்டம் 2000ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. கால் நூற்றாண்டு கழிந்த பின்பும் கட்டுமானம் நடந்துகொண்டிருப்பதால், அங்கே பலித்த முடிவுகளையும் பலிக்காத முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. ஹாம்பர்க் போதிய விடை தராத இடங்களில் மட்டும் பிற நகரங்களிடம் போகலாம்.

நிலத்தை ஒரே கைக்குக் கொண்டுவருதல்

முதல் வேலை உரிமை வரைபடம் தயாரிப்பது. பழைய துறைமுகக் கரைகளில் நிலம் ஒருவரிடம் இருப்பது அரிது. துறைமுக நிருவாகம், இரயில்வே, சுங்கத் துறை, நீர்வளத் துறை, நீண்ட காலக் குத்தகை பெற்ற தனியார் கிடங்குகள் எனப் பலர் இருப்பார்கள். இந்தியாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். சென்னைத் துறைமுகத்தின் நிலம் ஒன்றிய அரசின்கீழுள்ள துறைமுக ஆணையத்திடம் இருக்க, அதையடுத்த சாலை மாநகராட்சியிடமும் கூவத்தின் படுகை மாநில அரசின் நீர்வளத் துறையிடமும் இருக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளர், குத்தகை முடியும் ஆண்டு, வழக்கு நிலை, மண்ணில் கலந்துள்ள எண்ணெய், உலோகக் கழிவுகளின் அளவு ஆகிய நான்கையும் ஒரே அட்டவணையில் பதியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. வரைவுத் திட்டத்தை வாசிப்பவர் முதலில் கேட்க வேண்டிய ஆவணமும் இந்த அட்டவணைதான்.

ஹாம்பர்க் இதில் ஒரு தந்திரம் செய்தது. நிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே நகரத்துக்குச் சொந்தம் என்றாலும், அதன்மேல் நின்ற கட்டடங்களும் குத்தகை உரிமைகளும் பல நிறுவனங்களிடம் இருந்தன. 1990களின் நடுவில் நகர அரசு தன் நோக்கத்தை வெளியே சொல்லாமல் அவற்றை வாங்கிச் சேர்த்தது. மேயர் ஹென்னிங் ஃபோஷராவ் 1997 மே மாதத்தில் திட்டத்தை அறிவித்தபோது, விலையை ஏற்றிவிட ஊக வணிகர்களுக்கு அங்கே அதிகம் எஞ்சியிருக்கவில்லை. மக்களாட்சி நெறியில் இந்த இரகசியம் நெருடத்தான் செய்கிறது. ஆனால் முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு நிலம் தேடப் போகும் நகரங்கள் தாம் கிளப்பிய விலை உயர்வைத் தாமே கொடுத்துத் தீர்க்கின்றன என்பதும் உண்மை.

சேர்த்த நிலம் நகரத்தின் பொது வரவு செலவில் கலக்காமல் தனி நிதியமாக வைக்கப்பட்டது. நகரத்துக்கு முழுவதும் சொந்தமான ஒரு நிறுவனம் அதை நிருவகிக்கிறது. மனைகளை விற்று வரும் பணம் அப்பகுதியின் சாலை, பாலம், கரைச்சுவர், பூங்கா ஆகியவற்றுக்குச் செலவாகிறது. தொடக்கத்தில் இந்த வருவாய் எல்பேயின் தென்கரையில் ஆல்டன்வெர்டர் என்னுமிடத்தில் புதிய கொள்கலன் முனையம் கட்டுவதற்கும் துணையாகும் என்று எண்ணினார்கள். அந்த முனையத்துக்காக ஆல்டன்வெர்டர் என்ற மீனவ ஊரே காலி செய்யப்பட்டது. ஊரின் தேவாலயம் மட்டும் இன்றும் நிற்கிறது. ஒரு கரையில் நகரம் பிறக்க இன்னொரு கரையில் யார் இடம் கொடுத்தார்கள் என்று கேட்பதைத் திட்ட வாசிப்பின் வழக்கமாகக் கொள்வது நல்லது.

வெள்ள மட்டத்தை வைத்துத் தளத்தை நிர்ணயித்தல்

1962 பிப்ரவரி புயல் வெள்ளம் ஹாம்பர்க்கில் 315 பேரைக் கொன்றது. அப்போது எல்பேயின் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 5.70 மீட்டர் உயர்ந்தது. 1976இல் அது 6.45 மீட்டரைத் தொட்டது. ஹாஃபன்சிட்டியோ நகரைக் காக்கும் வெள்ளக்கரைக்கு வெளியே, ஆற்றின் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு புதிய வெள்ளக்கரையை எழுப்புவது ஒரு வழி. அப்படிச் செய்தால், முதல் வீட்டுக்கு அடிக்கல் நாட்டும் முன்பே கரை முழுவதையும் கட்டி முடித்தாக வேண்டும். செலவு அத்தனையும் முதல் ஆண்டுகளிலேயே விழும். கட்டி முடித்த பின் தரையில் நிற்பவருக்கு ஆறும் தெரியாது.

ஆகவே ஹாம்பர்க் ஒவ்வொரு கட்டடத்தையும் கடல் மட்டத்துக்கு 8 முதல் 9 மீட்டர் உயரத்தில் தனித்தனி மேட்டின் மீது நிறுத்தியது. வட கடலோரக் குடியானவர்கள் தங்கள் வீடுகளுக்கு எழுப்பிய மண்மேடுகளின் முறைதான் இது. மேட்டின் வயிற்றில் வாகன நிறுத்தம் இருக்கிறது; வெள்ள எச்சரிக்கை வந்தால் அதன் எஃகுக் கதவுகள் மூடப்படும். முதன்மைச் சாலைகளும் மேட்டின் மட்டத்துக்கு உயர்த்தப்பட்டதால், தீயணைப்பு வண்டியும் மருத்துவ ஊர்தியும் வெள்ளத்தின்போதும் வந்து போக முடியும். நீரோர நடைபாதைகள் மட்டும் பழைய மட்டத்திலேயே, 4.5 முதல் 5.5 மீட்டர் உயரத்தில், வெள்ளத்துக்கு விடப்பட்டன. 2013 டிசம்பர் புயலில் ஆறு 6.09 மீட்டர் ஏறியது. நடைபாதைகள் மூழ்கின, அவற்றின் மேலுள்ள வீடுகள் தப்பின.

இந்த முறையின் பெரிய நன்மை கணக்கில் இருக்கிறது. மேடு எழுப்பும் செலவு அந்தந்த மனையின் கட்டுமானத்தோடு சேர்ந்துவிடுவதால், நகரம் பகுதி பகுதியாக வளர முடிகிறது. உங்கள் ஊருக்கு மேடு பொருந்துமா என்பது வேறு. பள்ளமான பகுதியில் சில மனைகளை மட்டும் உயர்த்தினால், அங்கே விழும் மழைநீர் பக்கத்துப் பழைய குடியிருப்புக்குள் போகும். ஹாம்பர்க்கில் மேட்டைச் சுற்றி இருப்பது ஆறும் துறைக் குளங்களும் என்பதால் அந்தச் சிக்கல் எழவில்லை. எனவே திட்டத்தில் பார்க்க வேண்டியவை இவை: பதிவான மிக உயர்ந்த வெள்ள மட்டம் எது, அதற்கு மேல் எவ்வளவு இடைவெளி விடப்பட்டிருக்கிறது, வெள்ளத்தின்போது வெளியேறும் வழி எந்த மட்டத்தில் போகிறது, உயர்த்திய நிலத்தின் நீர் எங்கே வடிகிறது. இந்தியக் கரையோரங்களில் இவற்றோடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆற்றுப் பகுதிகளின் இரு கரைகளும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன.

நீர் சாக்கடையாக இருக்கும் இடத்தில் கரையை அழகுபடுத்துவது பணத்தைக் கரைக்கும் வேலை. சிங்கப்பூர் 1977இல் தன் ஆற்றைத் தூய்மைப்படுத்தத் தொடங்கி 1987 வரை பத்து ஆண்டுகள் அதற்கே கொடுத்தது. பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன, கழிவுநீர் இணைப்புகள் தரப்பட்டன, தெருவோர உணவுக் கடைகள் குழாய்நீரும் வடிகாலும் உள்ள கூடங்களுக்கு மாற்றப்பட்டன, 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. படகுத்துறைக் கடைவீடுகளைப் பாதுகாத்து உணவகங்களாக்கும் பணி அதற்குப் பின்னரே வந்தது. அந்த ஆற்றின் தோணித் தொழிலில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள் என்ற தமிழ் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். கரையை ஒட்டிய மார்க்கெட் தெருவில் நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. தூய்மையான ஆற்றைப் பாராட்டும்போது அங்கிருந்து எது மறைந்தது என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே இருப்பவர்களைக் கணக்கெடுத்தல்

ஹாஃபன்சிட்டியை அப்படியே பின்பற்றக் கூடாத இடம் இதுதான். அங்கே ஏறத்தாழ யாரும் குடியிருக்கவில்லை; சுங்க வேலிக்குள் கிடங்குகளும் இரயில் தடங்களும்தான் இருந்தன. நம் ஆற்றங்கரைகள் ஆளற்றவை அல்ல. சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. வீட்டு வேலை, கட்டட வேலை, சந்தை வேலை என நகரின் நடுவில் நடந்து போய்ச் செய்த பிழைப்பு, இருபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போய் வர வேண்டியதாக மாறியது. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்டவர்கள் சதுப்பின் ஓரத்தில் குடியேற்றப்பட்டார்கள்.

கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயரும் குடிசையின் அளவும் மட்டும் பதியப்படுவது வழக்கம். அதோடு ஒவ்வொருவரும் எங்கே வேலை செய்கிறார், எப்படிப் போகிறார், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், வாடகைக்கு இருப்பவர் யார் என்பனவும் பதியப்பட வேண்டும். மாற்று வீடு அதே திட்டப் பகுதியிலோ நடந்து போகும் தொலைவிலோ அமைய வேண்டும் என்பதையும், அது கட்டி முடிந்து சாவி கொடுத்த பின்னரே பழைய வீடு இடிக்கப்பட வேண்டும் என்பதையும் திட்டத்தின் முதல் கட்டத்துக்கான நிபந்தனையாக எழுத வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு ஒத்திப்போடப்பட்ட மாற்று வீடு கட்டப்படுவதில்லை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பான அனுமானம்.

மனையை விற்கும் முறை

என் மதிப்பீட்டில் ஹாஃபன்சிட்டியிலிருந்து கற்க வேண்டிய தலையாய பாடம் இதில் இருக்கிறது. கட்டட விதிகள் எதைக் கட்டக் கூடாது என்று தடுக்கும். எதைக் கட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த விற்பனை ஒப்பந்தமே வலிமையான கருவி. நிலம் நகரத்தின் கையில் இருக்கும் வரைதான் அந்த வலிமையும் இருக்கும்.

அங்கே மனை உடனே விற்கப்படுவதில்லை. போட்டியில் தேர்வானவருக்கு முதலில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு அந்த மனை ஒதுக்கி வைக்கப்படுகிறது. வேறு யாருக்கும் அது போகாது, ஆனால் அவர் பெயருக்கும் எழுதப்படாது. அந்தக் காலத்தில் அவர் தம் செலவில் மண்ணைச் சோதிக்க வேண்டும், கட்டடக் கலைஞர்களிடையே வடிவமைப்புப் போட்டி நடத்த வேண்டும், கட்டட அனுமதி பெற வேண்டும், பணத்தை ஏற்பாடு செய்ய வேண்டும். அனுமதி கையில் வந்த பின்னரே விலை செலுத்தி நிலம் கைமாறும். இடையில் அவர் வாக்கு மாறினால் நகரம் மனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதனால் இரு தரப்புக்கும் நன்மை. வாங்குபவர் நிலத்துக்கான பணத்தை ஒன்றரை ஆண்டு முன்னதாக முடக்க வேண்டியதில்லை. நகரத்துக்கோ வாங்கிப் போட்டு விலை ஏறட்டும் என்று காத்திருப்பவரின் தொல்லை இல்லை.

தேர்வுமுறையிலும் கவனிக்கத் தக்கது உண்டு. வீட்டுமனைகளில் விலைக்கு 30 விழுக்காடும், திட்டத்தின் கருத்துத் தரத்துக்கு 70 விழுக்காடும் மதிப்பெண் தரப்பட்டது. வாடகை நிலை, கூட்டுறவுக் குழுக்களின் பங்கு, தரைத்தளத்தில் என்ன வரும், கட்டடத்தின் ஆற்றல் செலவு ஆகியவை கருத்துத் தரத்தில் அடங்கும். உயர்ந்த விலை கேட்பவருக்கே கொடுக்க வேண்டும் என்ற டெண்டர் விதியுள்ள ஊர்களில், விலையை முன்கூட்டியே நிலையாக அறிவித்துவிட்டு மற்றவற்றில் மட்டும் போட்டி நடத்தும் வழியை ஆராயலாம். அதுவும் முடியாதெனில் விற்காமல் நீண்ட காலக் குத்தகைக்கு விடலாம். ஆம்ஸ்டர்டாம் 1896 முதல் தன் நிலத்தை அப்படித்தான் விட்டுவருகிறது.

மனையின் அளவைச் சிறிதாக வைப்பதும் இதே அளவுக்கு முக்கியம். மேற்கு ஹாஃபன்சிட்டியில் பக்கத்துப் பக்கத்து மனைகள் வெவ்வேறு கட்டுநர்களிடம் போயின. ஒருவர் தடுமாறினாலும் தெரு நின்றுவிடவில்லை. நடுவிலிருந்த ஊபர்ஸே வட்டாரத்தை மட்டும் ஒரே கூட்டமைப்பிடம் மொத்தமாகக் கொடுத்தார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் அதன் வடபாதி முடிந்தது; தென்பாதி நகரின் நடுவே தோண்டிய குழியாக ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2014இல் வேறொரு வணிக வளாக நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. திறப்பு விழா 2025 ஏப்ரலில்தான் நடந்தது. கோபுரங்களையும் அரங்கங்களையும் விட இந்தக் குழியைப் பற்றித்தான் நகரமைப்பு வகுப்புகளில் அதிகம் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

வீடுகள்: விகிதமும் காலமும்

ஹாஃபன்சிட்டியின் முதல் கட்ட வீடுகள் வசதியானவர்களுக்கே எட்டின, அதற்கான கண்டனமும் எழுந்தது. கிழக்குப் பகுதிக்கான திட்டம் 2010இல் திருத்தப்பட்டதை ஒட்டி, வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு மானிய வாடகைக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற நிலை வந்தது. ஹாம்பர்க் முழுவதுக்கும் பின்பற்றப்படும் பொதுவான அளவும் அதுதான். பாக்கன்ஹாஃபன் குடியிருப்பில் கூட்டுறவுச் சங்கங்களும், தாமே கூடி வீடு கட்டிக்கொள்ளும் குடும்பக் குழுக்களும் மனை பெற்றன.

மானிய வீட்டின் விகிதத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. ஜெர்மன் முறையில் குறைந்த வாடகை என்ற கட்டுப்பாடு ஒப்பந்தத்தில் குறித்த ஆண்டுகளுக்கே செல்லும். அது முடிந்ததும் வீடு சந்தை வாடகைக்குப் போகலாம். வியன்னாவின் நிலை வேறு. அங்கே மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நகராட்சிக்குச் சொந்தமான வீடுகளிலோ வரையறுத்த இலாபத்தில் இயங்கும் சங்கங்களின் வீடுகளிலோ வாழ்கிறார்கள். நகராட்சியிடம் மட்டும் சுமார் 2,20,000 வீடுகள் உள்ளன. 2019 முதல், பெரிய நிலப்பரப்பு குடியிருப்பு மண்டலமாக மாற்றப்படும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. எனவே வரைவுத் திட்டத்தில் எத்தனை விழுக்காடு என்பதோடு எத்தனை ஆண்டுக்கு, யாருடைய உடைமையில், எந்தக் கட்டத்தில் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். மானிய வீடுகள் தனிக் கட்டடமாக ஓரத்தில் தள்ளப்பட்டிருக்கின்றனவா, ஒரே முற்றத்தைப் பகிர்கின்றனவா என்பதை மனை வரைபடத்திலேயே கண்டுகொள்ளலாம்.

வீட்டோடு பள்ளியும் வர வேண்டும். ஹாஃபன்சிட்டியின் தொடக்கப் பள்ளி 2009இலேயே திறக்கப்பட்டது. இடம் குறைவாக இருந்ததால் விளையாட்டுத் திடலைக் கூரையில் அமைத்தார்கள்.

ஓசையைப் பற்றியும் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். எதிர்க்கரையில் துறைமுகம் இரவும் பகலும் இயங்குகிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் வழக்குப் போட்டுத் துறைமுகத்தை நிறுத்திவிடக் கூடாது என்பது ஹாம்பர்க்கின் கவலை. அதற்காகப் பாதி திறந்த நிலையிலும் வெளியோசையை அடக்கும் தனிவகைச் சன்னல் படுக்கையறைகளுக்கு உருவாக்கப்பட்டது. அந்தப் பகுதியின் பெயராலேயே அது ‘ஹாஃபன்சிட்டி சன்னல்’ என்று அழைக்கப்படுகிறது. மீன்பிடித் துறையையோ படகுப் பட்டறையையோ ஒட்டி வீடு கட்டத் திட்டமிடும் எந்த ஊரும், ஓசையைத் தாங்கும் பொறுப்பு புதிய கட்டடத்துடையது என்று முதலிலேயே எழுதிவைப்பது பழைய தொழிலைக் காக்கும்.

பகிர்ந்துகொள்ளும் பணியிடங்கள்

நீர்முனைத் திட்டங்களில் ‘படைப்பாளர் மையம்’, ‘கோவொர்க்கிங்’ என்ற சொற்கள் தாராளமாகத் தூவப்படுகின்றன. இவற்றுள் இரண்டு வேறுபட்ட தேவைகள் கலந்து கிடக்கின்றன. மடிக்கணினியும் மேசையும் போதும் என்பவருக்கு இணையமும், பேசுவதற்கு ஓர் அறையும், காப்பியும் வேண்டும். மரவேலை, உலோக வேலை, அச்சு, தையல், இசைக்குழுப் பயிற்சி ஆகியவற்றுக்கு உயரமான கூரை, பாரம் தாங்கும் தரை, மும்முனை மின்சாரம், சரக்கு ஏற்றும் கதவு, ஓசை எழுப்பும் உரிமை, எல்லாவற்றுக்கும் மேலாக மலிவான வாடகை வேண்டும். முதல் வகையைச் சந்தை தானாகவே தரும். இரண்டாவது வகைக்குத்தான் நகரத்தின் திட்டம் தேவை. அதற்கு மிகப் பொருத்தமான இடம் பழைய சரக்குக் கொட்டகை.

ஹாஃபன்சிட்டியின் ஓரத்தில், இரயில் தடங்களை ஒட்டி, ஓபர்ஹாஃபன் என்ற பகுதியில் பழைய சரக்குக் கூடங்கள் இடிக்கப்படாமல் கலைஞர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் ஒதுக்கப்பட்டன. தாழ்ந்த மட்டத்தில் இருப்பதால் வெள்ள எச்சரிக்கை அங்கே அடிக்கடி பொருந்தும்; இரயில் ஓசையும் உண்டு. வீடு கட்ட உதவாத அந்தக் குறைகளே வாடகையைக் குறைத்து வைக்கின்றன. 1925இல் கட்டிய ஒரு சிறு செங்கல் உணவுக்கடை அடிமண் அரித்துக் கோணலாகச் சாய்ந்தபடியே அங்கே இன்னும் நிற்கிறது. அதை நிமிர்த்தும் யோசனையை யாரும் செயல்படுத்தாததற்கு நான் நன்றி சொல்வேன்.

இதில் ஆம்ஸ்டர்டாம் இன்னும் தெளிவான முன்மாதிரி. 1984இல் திவாலான என்டிஎஸ்எம் கப்பல் கட்டும் தளத்தின் பெரிய கூடத்துக்கு என்ன செய்யலாம் என்று வடக்கு ஆம்ஸ்டர்டாமின் உள்ளாட்சி 1999இல் யோசனைகளைக் கேட்டது. கலைஞர்களின் அமைப்பு ஒன்று வென்றது. அவர்கள் சுமார் 20,000 சதுர மீட்டர் கூடத்தைப் புதுப்பித்துப் பளபளப்பாக்கவில்லை. உள்ளே எஃகுச் சட்டகமும் மின்சாரம், நீர் இணைப்புகளும் மட்டும் போடப்பட்டன. சட்டகத்துக்குள் தத்தம் அறையை வாடகைக்கு வந்தவர்களே கட்டிக்கொண்டார்கள். அதே வட்டாரத்தில் மண் நஞ்சான ஒரு பழைய படகுத் தளத்தைப் பத்து ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தபோது, கழித்துப் போடப்பட்ட வீட்டுப் படகுகளைத் தரையில் ஏற்றி அலுவலகங்களாக்கி, சுற்றிலும் நச்சை உறிஞ்சும் செடிகளை நட்டார்கள். 2014இல் திறந்த டெ கோவல் என்ற அந்த இடம் இடைக்காலப் பயன்பாட்டுக்குப் பலரும் காட்டும் முன்மாதிரி.

இந்த அனுபவங்களிலிருந்து பின்பற்றத்தக்க முறையை இப்படிச் சொல்லலாம். கொட்டகையைப் பாதுகாப்புக்குத் தேவையான அளவு மட்டும் பழுது பார்க்கவும்: கூரை, தீ வெளியேற்றம், கழிப்பறை, மின்கம்பி. அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு தொகையும் வாடகையாகத் திரும்பி வரும். அறைகளை ஒரே அளவில் வெட்டாமல், ஒருவர் உட்காரும் மேசையிலிருந்து பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை வரை பல அளவுகளில் விடவும். வளரும் தொழில் வளாகத்தை விட்டுப் போகாமலேயே பெரிய அறைக்கு மாற வழி இருக்க வேண்டும். நிருவாகத்தை இலாப நோக்கற்ற அறக்கட்டளையிடமோ கூட்டுறவிடமோ கொடுத்து, வாடகையை அதன் உண்மைச் செலவோடு இணைக்கவும். குத்தகைக் காலத்தைத் தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லவும். இடைக்காலம் என்றால் எந்த ஆண்டு முடியும், அதன் பின் எங்கே மாற்றிடம் என்பதையும், நிலையானது என்றால் நில உபயோக வரைபடத்தில் அப்படியே குறித்துள்ளதா என்பதையும் எழுத வேண்டும். கலைஞர்கள் வந்து ஓர் இடத்தின் பெயரை உயர்த்த, அந்தப் பெயரை விலையாக்கி அவர்களையே வெளியேற்றுவது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. அதைத் தடுப்பது குத்தகைக் காலத்தைச் சொல்லும் இந்த ஒரு வரிதான்.

மேசை வாடகை நிறுவனம் ஒன்றை நம்பித் தரைத்தளம் முழுவதையும் ஒப்படைப்பது ஆபத்து. அத்தகைய நிறுவனம் கட்டடத்தைப் பல ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, மேசையை மாதக் கணக்கில் விடுகிறது. ஆள் குறைந்தால் வருமானம் உடனே நின்றுவிடும், குத்தகைக் கடன் நிற்காது. 2019இல் 4700 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட வீவொர்க், 2023 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியதற்கு இந்தப் பொருத்தமின்மை முக்கியக் காரணம்.

தரைத்தளமும் போக்குவரத்தும்

ஹாஃபன்சிட்டியில் மக்கள் நடமாடும் தெருக்களை நோக்கிய கட்டடங்களின் தரைத்தளம் 5 மீட்டர் உயரமாகவும் பொதுப் பயன்பாட்டுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும் என்பது விற்பனை நிபந்தனை. முதல் ஆண்டுகளில் கடைக்கு ஆள் வராவிட்டாலும் பிறகு மாற்றிக்கொள்ள இந்த உயரம் உதவும். தாழ்ந்த கூரையோடு கட்டிய தரைத்தளம் என்றைக்கும் வாகன நிறுத்தமாகவே இருக்கும். சுமார் பத்து கிலோமீட்டர் நீரோர நடைபாதை முழுவதும் பொதுமக்களுடையது. வீட்டு வளாகங்களுக்குள் போய் முடிவதில்லை.

போக்குவரத்தில் லண்டனையும் ஹாம்பர்க்கையும் ஒப்பிட்டால் போதும். லண்டன் துறைப்பகுதிக்கு 1981இல் தனி வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1987இல் திறந்த இலகு இரயில் அலுவலகக் கோபுரங்களின் கூட்டத்துக்குப் போதவில்லை. அந்தக் கோபுரத் தொகுதியான கேனரி வார்ஃபைக் கட்டிய நிறுவனம் 1992இல் நொடித்தது. ஜூபிலி சுரங்கத் தடம் 1999இல்தான் வந்து சேர்ந்தது. ஹாஃபன்சிட்டிக்குச் சுரங்க இரயில் 2012இலேயே, கட்டடங்களில் பெரும்பகுதி எழும் முன்பே ஓடத் தொடங்கியது. திட்டத்தின் கால அட்டவணையில் இரயிலோ பேருந்துத் தடமோ எந்த ஆண்டில் இருக்கிறது, அதற்கு முன் எத்தனை குடும்பங்கள் குடியேறியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தம் முறிந்தால் என்ன செய்வது

கடைசியாகத் திட்டத்தின் இடர் பக்கத்தை வாசிக்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் பக்கமே இருக்காது. நகரமே தன் அடையாளமாகக் கட்டும் பெரிய கட்டடங்களில் இடர் செலவுப் பெருக்கம். ஹாஃபன்சிட்டியின் எல்ப்ஃபில்ஹார்மனி இசை அரங்கம் 2017 ஜனவரியில் திறக்கப்பட்டபோது மொத்தச் செலவு 86.6 கோடி யூரோவாக இருந்தது. தொடக்கத்தில் பொதுப் பணத்திலிருந்து 7.7 கோடி யூரோ போதும் என்றிருந்தார்கள். வடிவமைப்பு முடியும் முன் கட்டுமான ஒப்பந்தம் போட்டதன் விளைவு இது. தனியார் கட்டுவதில் இடர் நடுவில் நின்றுபோவது. கிழக்கு எல்லையில் 245 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்ட எல்ப் கோபுரத்தின் பணி, அதைக் கட்டிய சிக்னா குழுமம் பணம் செலுத்தத் தவறியதால், 2023 அக்டோபரில் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் நின்றது.

எனவே ஒவ்வொரு விற்பனை ஒப்பந்தத்திலும் பணி முடிய வேண்டிய தேதி, தவறினால் தண்டத் தொகை, நிலத்தை நகரம் மீட்டெடுக்கும் உரிமை, மீட்கும்போது பாதிக் கட்டடத்துக்கு என்ன விலை என்ற நான்கும் இருக்கின்றனவா என்று சரிபார்க்கவும். மீட்கும் உரிமை தாளில் இருந்தும், திரும்ப வாங்கவோ அரைகுறைக் கட்டடத்தைப் பாதுகாக்கவோ பணம் இல்லாவிட்டால் அது செல்லாக் காசு. மனை விற்ற தொகையில் ஒரு பகுதியை, கடைசி மனையின் கட்டடம் நிறைவுச் சான்று பெறும் வரை, வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற விதியைத் தீர்மானத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.